ஒரு லட்சம் ரூபாய், மூன்று வண்டிகள்

நத்தம் பக்கத்துத் தம்பி ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: “அண்ணே, கையில ஒரு லட்சம் இருக்கு. கரண்ட் வீல்சேர் வாங்கவா, சைடு வீல் ஸ்கூட்டி வாங்கவா, இல்ல வீல்சேருக்கு முன்னால மோட்டார் மாட்டுறாங்களே, அத வாங்கவா?”

இரண்டு வருடத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் இரண்டும் இரும்பு. அந்த ஒரு லட்சம், அவருடைய அம்மா கறவை மாடு விற்ற காசும் மச்சான் கொடுத்த காசும் சேர்ந்தது. தப்பாக வாங்கினால் இன்னொரு லட்சம் வராது. அதனால் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன்.

எனக்கும் அவரைப் போலத் தண்டுவடத்தில்தான் அடி. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. எனக்கு அடி கொஞ்சம் மேலே. நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவருக்கும் எனக்கும் உள்ள அந்த ஒரு சாண் வித்தியாசம் வண்டி வாங்கும்போது எவ்வளவு பெரியது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இதுவரை நான்கு வண்டி மாற்றிவிட்டேன். அதில் இரண்டு தண்டச் செலவு.

அவரிடம் முதலில் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. “நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எங்கெங்க அடுத்த ஆளக் கூப்பிட்ட?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொன்னார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறிவிடுகிறார். குளியலறைக்குள் வீல்சேர் நுழையாது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இழுக்கிறார். வாசலில் இரண்டு படி. இறக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி நண்பர் செல்போன் கடை வைத்திருக்கிறார், அங்கே ரிப்பேர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறார். மச்சானின் ஆட்டோ வந்தால்தான் போக முடியும்.

ஆக மூன்று இடத்தில் அடுத்தவர் கை தேவைப்படுகிறது: குளியலறை, வாசல், மூன்று கிலோமீட்டர். அவர் விசாரித்து வைத்திருந்த மூன்று வண்டிகளில் எந்த ஒன்றும் இந்த மூன்றையும் தீர்க்காது. விற்கிறவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

கரண்ட் வீல்சேரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். பார்க்க ஜோராக இருக்கும். ஜாய்ஸ்டிக்கை விரலால் தள்ளினால் போகிறது. கழுத்தில் அடிபட்டுக் கைகளும் போனவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தோள் தேய்ந்துபோனவர்கள் ஆகியோருக்கு இதைவிட நல்லது கிடையாது. அவர்களுக்கு இது சொகுசில்லை, கால். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு நல்ல கரண்ட் வீல்சேர் தேடலாம். தமிழ்நாடு அரசும் மின்கல நாற்காலி கொடுக்கிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆனால் நம் தம்பிக்கு? வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில்தான். கடைக்குப் போக அரை மணி நேரம், வெயிலில், லாரிகளுக்கு நடுவில். ஈய பேட்டரி போட்ட இரும்பு வண்டி என்றால் ஐம்பது கிலோ சாதாரணம். லித்தியம் பேட்டரி போட்டு மடிக்கிற வண்டியே இருபத்தைந்து முப்பது கிலோ வரும். இரண்டு படியில் இரண்டு ஆள் தூக்கியது போய் நான்கு ஆள் தேடவேண்டும். குளியலறையில் தண்ணீர் படக்கூடாது. அதனால் இதை வாங்கினாலும் வீட்டுக்குள் புழங்க இன்னொரு சாதா வீல்சேர் வேண்டும். அவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன என்பதுதான் இங்கே முக்கியம். இரும்புக் கையை வைத்துக்கொண்டு விரலால் வண்டி ஓட்டுவது இப்போதைக்கு வேண்டாம் என்றேன். ஐம்பது வயதில் தோள் கெஞ்சும்போது யோசிக்கலாம்.

அடுத்தது சைடு வீல் ஸ்கூட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் என் தண்டச் செலவில் ஒன்று இது.

தமிழ்நாட்டில் இந்த வண்டியைப் பிரபலமாக்கியவர்கள் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர்கள். காலிப்பர் என்கிற கால்தாங்கியை மாட்டியோ, ஊன்றுகோலைப் பிடித்தோ நின்று, ஒரு சுற்றுச் சுற்றி சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊன்றுகோலை வண்டியின் பக்கத்தில் செருகிக்கொண்டு போவார்கள். வங்கி வாசலில் நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்து, உள்ளே போவார்கள். அந்த உடம்புக்கு அருமையான வண்டி. போலியோ பாதித்தவருக்குக் காலில் பலம்தான் இருக்காது. உணர்ச்சி முழுக்க இருக்கும். தண்டுவடம் போன நமக்கு இரண்டுமே இல்லை. எல்லாம் இங்கிருந்துதான் மாறுகிறது.

முதல் சிக்கல் ஏறுவது. ஸ்கூட்டர் சீட் தரையிலிருந்து முப்பது அங்குலம். வீல்சேர் சீட் பத்தொன்பது, இருபது. பத்து அங்குலம் உடம்பை மேலே தூக்கி எறியவேண்டும், நிற்காமல். தம்பியால் முடியலாம், பழகினால். என்னால் ஒரு நாளும் தனியாக முடிந்ததில்லை. இரண்டாவது சிக்கல் உட்கார்ந்திருப்பது. முதுகு சாய ஒன்றுமில்லாத சீட்டில், வயிறும் இடுப்பும் பிடிக்காத உடம்பு, ஒரு பள்ளம் வந்தால் ஹேண்டில்பாரைப் பிடித்துத்தான் விழாமல் நிற்கும். திருப்புகிற கையே தாங்குகிற கையாகவும் இருந்தால் வண்டி எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்குழியில் அடிபட்ட எனக்கு இது பெரிய ஆபத்து. தொப்புள் மட்டத்தில் அடிபட்ட தம்பிக்கு வயிற்றுத் தசையில் பாதியாவது வேலை செய்கிறது. அவர் என்னைவிட நிமிர்ந்து உட்காருவார். நான் சொன்ன ஒரு சாண் வித்தியாசம் இதுதான். ஒருவருக்கு ஒத்துவந்தது என்று இன்னொருவர் வாங்கக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்.

மூன்றாவது, கால். ஒரு தடவை சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தேன். வண்டியிலிருந்து இறக்கிவிட்ட பையன் “என்னண்ணே ரத்தம்?” என்றான். வழியில் எங்கேயோ கால் தசை தன்னால் வெட்டி இழுத்து, பாதம் மிதிபலகையை விட்டு நழுவி, தார் ரோட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு விரலில் தோல் இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது. ஆற ஏழு வாரம் ஆனது. ஸ்கூட்டி வாங்குகிற தண்டுவடக்காரர்கள் பாதத்துக்கு ஒரு பட்டையும் கட்டையும் அடித்துக்கொள்ளுங்கள், ஷூ இல்லாமல் ஏறாதீர்கள். வெயிலில் நின்ற கறுப்புச் சீட்டில் துண்டு போடாமல் உட்காராதீர்கள், வெந்துபோனாலும் தெரியாது.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது நான்காவது: வண்டி கடை வாசலில் விட்டுவிடும். அப்புறம்? வீல்சேர் வீட்டில் இருக்கிறது. நான் வங்கி வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி, போகிற வருகிறவரிடம் பாஸ்புக்கைக் கொடுத்து வரவு செலவு பதிந்து வாங்கியிருக்கிறேன். பத்து கிலோமீட்டர் யார் தயவும் இல்லாமல் போய், கடைசிப் பத்தடிக்குக் கையேந்துவது இருக்கிறதே, வீட்டிலேயே இருந்துவிடலாம் போலிருக்கும். சில ஊர் மெக்கானிக்குகள் பின்னால் ஒரு கேரியர் அடித்து, மடித்த வீல்சேரை மாட்டித் தருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த வீல்சேர் நீங்களே ஒரு கையால் எடுத்து இறக்குகிற எடையில் இருக்கவேண்டும்.

இதற்கு ஆதரவாகவும் சொல்லிவிடுகிறேன். வேகம், தூரம், பழுது பார்ப்பது மூன்றிலும் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் எதுவும் வராது. நடுராத்திரி பஞ்சரானாலும் நத்தத்தில் ஆள் கிடைப்பான். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு கைகள் நன்றாக இயங்குகிறவர்களுக்கு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கொடுக்கிறது. இலவசமாகக் கிடைக்க வாய்ப்புள்ள ஒன்றுக்கு மாடு விற்ற காசைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவதுதான் தம்பியின் ஆசை. வீல்சேரின் முன்னால் ஒரு மோட்டார் சக்கரத்தைக் கொக்கி போல் மாட்டுவது. மாட்டியதும் முன்னால் உள்ள இரண்டு குட்டிச் சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிடும். மூன்று சக்கர வண்டி மாதிரி ஆகிவிடும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும் ஆய்வு மையத்திலிருந்து வந்த நியோமோஷன் நிறுவனம் இதைச் செய்கிறது. வீல்சேருக்கு நியோஃப்ளை என்று பெயர், மோட்டாருக்கு நியோபோல்ட். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை தூரம் என்கிறார்கள். 2021-ல் வந்தபோது இரண்டும் சேர்த்துச் சுமார் 95,000 ரூபாய். இப்போதைய விலையை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதன் பெரிய நன்மை, இடம் மாறி உட்கார வேண்டியதில்லை என்பது. வீட்டில் எதில் உட்கார்ந்தீர்களோ அதிலேயே ரோட்டுக்குப் போகிறீர்கள். கடை வாசலில் மோட்டாரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு அதே வீல்சேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேசைக்கு அடியில் முழங்காலை விட்டு உட்காரலாம். ஸ்கூட்டி கைவிடுகிற கடைசிப் பத்தடியை இது கைவிடாது. இடம் மாறும்போதெல்லாம் தோலும் தோளும் தேய்கின்றன. ஒரு நாளில் நான்கு தடவை குறைந்தால் வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. எடையெல்லாம் பின் சக்கரத்தில், இழுப்பதோ முன் சக்கரம். சரளைக் கல்லிலும் ஈரமான ஏற்றத்திலும் முன் சக்கரம் சும்மா சுற்றும். உடம்பை முன்னால் சாய்த்துக்கொடுக்கவேண்டும். உயரம் குறைவு, லாரிக்காரர் கண்ணில் பட மாட்டோம். பின்னால் நீளக் கம்பியில் சிவப்புக் கொடி கட்டச் சொல்லுங்கள், அழகு பார்க்காதீர்கள். 25-ல் ஓட்டலாம் என்பதற்காக நம் ரோட்டில் ஓட்டக்கூடாது. 12-ல் போனால் கால் மணி நேரத்தில் கடை வந்துவிடும். பழுதானால் பக்கத்து மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது, சென்னைக்குப் போன் போடவேண்டும். மாட்டிக் கழற்ற விரல்களில் பிடி வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சரிவராது.

சரி, அப்படியானால் மூன்றாவதைத்தானே வாங்கவேண்டும் என்று நினைப்பீர்கள். தம்பியும் அப்படித்தான் முகம் மலர்ந்தார். அப்போதுதான் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு முகாமில் கொடுத்த மடக்கு வீல்சேர் அது. அன்றைக்கு வந்த எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுத் தாத்தா வரைக்கும், ஒரே அளவு. சீட் பதினெட்டு அங்குலம். தம்பியின் இடுப்பு பதினான்குதான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் இடம் கிடப்பதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறார். இரண்டு வருடத்தில் முதுகு வளையத் தொடங்கிவிட்டது. சீட் துணி தொட்டில் மாதிரித் தொய்ந்துவிட்டது. கைப்பிடி உயரமாக இருப்பதால் சக்கரத்தைத் தள்ள தோளைத் தூக்கித் தூக்கித் தள்ளுகிறார். இந்த வகை நாற்காலி ஆஸ்பத்திரியில் வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போவதற்குச் செய்தது. தள்ளுகிறவருக்கான வண்டி, உட்காருகிறவருக்கானது இல்லை. மருந்துக்கடைகளில் எட்டாயிரம் ரூபாய் அளவில் விற்கிறார்கள், எடை பதினேழு பதினெட்டு கிலோ.

அளவெடுத்துச் செய்கிற ஆக்டிவ் வீல்சேர் என்பது வேறு சாதி. மடக்காத ஒற்றைச் சட்டம், பட்டனை அழுத்தினால் கையோடு வருகிற சக்கரம், முதுகுப் பக்கம் மட்டும் மடங்கும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. 2025-ல் சென்னை ஐஐடி வெளியிட்ட ஒய்டி ஒன் ஒன்பது கிலோதான், விலை 75,000 சொன்னார்கள். பெரிய சக்கரத்தின் அச்சு கொஞ்சம் முன்னால் தள்ளியிருப்பதால் ஒரு தள்ளுக்கு நாலு அடி போகும். வாசல் நிலைப்படியில் முன் சக்கரத்தைத் தூக்கி ஏற்றவும் அதுதான் உதவும். மணலில் மட்டும் புதைகிற அந்த முன் சக்கரம் மாதிரி மோசமான எதிரி வேறு இல்லை; சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டுத்தான் எங்களை அலைப் பக்கம் கொண்டுபோக முடிந்தது. அதையும் அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்தது.

அளவு எப்படி என்று கேட்கிறவர்களுக்கு: உட்கார்ந்தபடி இடுப்பின் அகலத்தைவிட ஒரு அங்குலம் கூட, அவ்வளவுதான். சீட்டின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். பாதம் பலகையில் படும்போது தொடை சீட்டில் முழுக்கப் படவேண்டும். இதை வீட்டில் அளந்து ஆர்டர் போடாதீர்கள்; தெரிந்தவர் கையால் எடுக்கவேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966-ல் உருவானது. தெற்கே என்றால் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம்; கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. இரண்டு இடத்திலும் நம்மைப் போன்றவர்கள் நாலு விதமான வண்டியில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் அவர்கள் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது பத்து வீடியோ பார்ப்பதற்கு மேல்.

இன்னொன்று, எல்லோரும் கடைசியில் மிச்சக் காசில் வாங்குவது: குஷன். எனக்குக் கேட்டால் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். மூன்றாவது வருடம் எனக்குப் பிட்டத்தில் படுக்கைப்புண் வந்து நாலரை மாதம் குப்புறப் படுத்திருந்தேன். புதிதாக வாங்கிய வண்டி மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாதா ஸ்பாஞ்ச் சில மாதத்தில் அமுங்கிவிடும். ஜெல் குளிர்ச்சி, ஆனால் கனம். காற்று அறைகள் கொண்டது தோலுக்கு மிக நல்லது, விலையும் அதிகம், முள் குத்தினால் போயிற்று. காற்று சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும். எதை வாங்கினாலும் கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதை எந்தக் குஷனும் உங்களுக்காகச் செய்யாது.

வாசலுக்கு வருவோம். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். தம்பி வீட்டில் ஏழு அங்குலத்தில் இரண்டு படி, அதாவது பதினான்கு அடி. சந்தின் அகலமே எட்டு அடி. கொத்தனார் நாலு அடியில் சறுக்குமரம் மாதிரி ஒன்றைக் கட்டித்தரத் தயாராக இருந்தார். அதில் ஏறினால் வண்டி பின்னால் மல்லாக்க விழும். வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கொல்லைப்புறம் மண் மேடு. பின்வாசலில் ஐந்து அங்குலம்தான். ஐந்தடி சிமெண்ட் போட்டால் தீர்ந்தது, மாடு கட்டிய இடத்தில் இப்போது தாராளமாக இடமும் இருக்கிறது. அவருடைய அம்மா சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் கணக்கை அவரிடம் இப்படிச் சொன்னேன். ஸ்கூட்டி வாங்கினாலும் கையால் எடுத்து இறக்குகிற வீல்சேர் வேண்டும். மோட்டார் மாட்டினாலும் அதற்கு நல்ல சட்டம் உள்ள வீல்சேர் வேண்டும். கரண்ட் வண்டி வாங்கினாலும் குளியலறைக்கு வேண்டும். எந்த வழியில் போனாலும் முதல் செலவு ஒன்றுதான். பிற்பாடு மோட்டார் மாட்டிக்கொள்ளத் தோதான, அளவெடுத்த வீல்சேர்; அதற்கு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும். நல்ல குஷனுக்குப் பத்துப் பதினைந்து. பின்வாசல் சாய்தளம், குளியலறைக் கதவு, கைப்பிடிக் கம்பிக்கு ஒரு இருபது. மிச்சத்தைத் தொடக்கூடாது; டயர், டியூப், ஆஸ்பத்திரி என்று வரும்.

“அப்ப கடைக்கு எப்பிடிண்ணே போறது?”

நியாயமான கேள்வி. ஆறு மாதத்துக்கு மச்சான் ஆட்டோதான். ஆனால் தூக்கி ஏற்றுவதற்குப் பதில் தானே ஆட்டோ சீட்டுக்கு மாறலாம், சக்கரத்தைக் கழற்றினால் வண்டி காலடியில் அடங்கும், இறங்கியதும் தன் வேலையைத் தானே பார்க்கலாம். அதற்குள் அரசு ஸ்கூட்டருக்கு மனுப் போடட்டும். 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் என்ற சான்றும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அவரிடம் இருக்கிறது. மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) என்கிற உபகரண உதவித் திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் என்றால் உபகரணம் முழு மானியத்தில் கிடைக்கும், அதிலும் விசாரிக்கட்டும். ஸ்கூட்டர் வந்தால் அவருடைய உடம்புக்கு ஒத்துவரும் என்றே நினைக்கிறேன். வராவிட்டால் ரிப்பேர் வருமானத்தில் மோட்டாரை வாங்கலாம். சென்னையில் இருப்பவர் என்றால் என் கணக்கே மாறும். 2024-லிருந்து மாநகரப் பேருந்தில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடுகின்றன, மெட்ரோ இருக்கிறது, நல்ல வீல்சேர் ஒன்றே பாதி ஊரைச் சுற்றிக்காட்டிவிடும். நத்தத்தில் அந்தப் பேச்சே இல்லை.

தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மோட்டார் வண்டியின் வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பாரோ. நானும் வற்புறுத்தவில்லை. குளியலறைக் கதவை மட்டும் அளந்து அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். பதினைந்து அங்குலச் சீட் போட்டாலும் சக்கரத்தோடு சேர்த்து மொத்த அகலம் இருபத்து மூன்று வரும்.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கதவு நிலையின் குறுக்கே தையல் டேப், இருபத்து நாலில் அவருடைய கட்டைவிரல். கீழே எழுதியிருந்தார்: “கதவக் கழட்டிட்டு ஸ்கிரீன் போட்டா 26 வருதுண்ணே. ஆய்க்குடிக்கு எந்த பஸ்?”